உடும்பஞ்சோலைக்கு ஒரு கோல்ஃப் பந்தைப் பற்றிக் கேட்கப் போனேன்

ஜப்பானில் ஒரு காலத்தில் நடந்து, பிறகு நின்றுபோன ஒரு தொழில்முறை கோல்ஃப் போட்டியின் வரலாற்றை இந்தப் பக்கத்தில் சிறிது சிறிதாக எழுதி வருகிறேன். படிப்பவர்கள் மிகக் குறைவு. பாலக்காட்டில் ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கும் எழுபத்து நான்கு வயதுக்காரருக்கு ஜப்பானியக் கோல்ஃப் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். அந்தப் போட்டியின் கடைசி ஆண்டில் புல்வெளி ஓரத்தில் கொடி பிடித்து நின்றவர்களில் நானும் ஒருவன். பதிலாக என்னிடம் இருப்பது அவ்வளவுதான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை, எங்களில் ஆறு பேரைப் பதினோரு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பியது. முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அங்கே எங்களுக்குப் பயிற்சி தந்த மின்சாதனக் கம்பெனிதான் அந்தப் போட்டியை நடத்தியது. இலையுதிர் காலத்தில், மலைச்சரிவில் அமைந்த ஒரு மைதானத்தில், நான்கு நாள் ஆட்டம். தொடக்கத்தில் அந்த வட்டாரத்து ஆட்டக்காரர்கள் மட்டும் வந்தார்கள். பிறகு நாடு முழுவதிலிருந்தும் வந்தார்கள், தொலைக்காட்சி வந்தது. ஒரு ஆண்டு புயலால் இரண்டே நாளில் முடித்தார்கள். பணம் சுருங்கிய காலத்தில் கம்பெனி கையை விரித்தது, போட்டி நின்றது. சில வருடங்களில் மைதானமும் மூடப்பட்டது. இன்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் அந்தப் புல்வெளி முழுவதும் சூரிய மின்தகடுகள். பதினெட்டுக் குழிகளில் பதினாறாவது எங்கே இருந்தது என்பதை மட்டும் மலை வளைவை வைத்து என்னால் அடையாளம் காண முடிகிறது.

எல்லா ஆண்டுகளுக்கும் வென்றவர், இரண்டாவது வந்தவர், அடிகளின் எண்ணிக்கை, வானிலை என்று அட்டவணை போட்டுவிட்டேன். கடைசி ஆண்டில் மட்டும் பேனா நின்றுவிட்டது. காரணம் அந்தப் பதினாறாவது குழி.

கடைசி நாள் பிற்பகல். நீலத் தொப்பி அணிந்த ஓர் ஆட்டக்காரர் அடித்த பந்து வலது பக்கம் மரங்களுக்குள் போனது. பயிற்சிக்கு வந்த எங்களையும் கம்பெனி மைதானத்தில் உதவிக்கு நிறுத்தியிருந்தது; மரங்களின் அருகே நின்றவர் செல்லையா. எங்கள் ஆறு பேரில் ஒருவர், ஃபிட்டர், ஏலக்காய் மலையிலுள்ள உடும்பஞ்சோலைக்காரர். நான் அவருக்கு மேலே, சரிவில், நாற்பது மீட்டர் தள்ளி வெள்ளைக் கொடியோடு நின்றேன். செல்லையா மரங்களுக்குள் போனார். வெளியே வந்தார். புல்லின் ஓரத்தில் ஒரு முறை குனிந்தார். நீலத் தொப்பிக்காரர் வந்தபோது பந்து நல்ல புல்லில் இருந்தது. மரங்களுக்குள் விழுந்த இடத்திலிருந்தே ஆட வேண்டிய பந்தைச் சுலபமாக அடித்தார். அன்று மாலை ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் அவர்தான் வென்றார்.

பார்த்தவன் நான் ஒருவன்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் செல்லையாவை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். சொல்லாவிட்டால் நானும் உடந்தை என்று பயம். வெயில் கண்ணில் அடித்ததால் பார்த்ததே சரியா என்ற சந்தேகம் வேறு. இந்த மூன்றையும் சுமக்கத் தெரியாமல் நான் செய்தது, செல்லையாவிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டது. ஊர் திரும்பி இரண்டு வருடத்தில் அவர் வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போனார். நான் ஒரு கடிதமும் போடவில்லை.

இனி வரலாற்றை முடிக்க வேண்டும். ஆனால் அவரிடம் கேட்காமல் எழுதினால் ஒரு மனிதர்மேல் பழி போடுகிறேன். எழுதாமல் விட்டால் அட்டவணை பொய் சொல்கிறது. பதினோரு நாள் யோசித்துவிட்டுப் பிப்ரவரி இரண்டாம் செவ்வாய்க்கிழமை கிளம்பினேன்.

பாலக்காட்டிலிருந்து காலை 6.10 பஸ். சித்தூர் வழியாகப் பொள்ளாச்சி போவது. நான் நடுவில் பெருமாட்டியில் இறங்கினேன். அங்கே தென்னந்தோப்பு வைத்திருக்கும் பழனிச்சாமி, எங்கள் தொழிற்சாலையில் லேத் பார்த்தவர். செல்லையாவின் இப்போதைய இருப்பிடம் அவருக்குத்தான் தெரியும். நிறுத்தத்திலேயே இளநீரோடு நின்றிருந்தார்.

"ஏனுங்க சார், இந்த வயசுல தனியா மலையேறோணுங்களா? போன் போட்டுக் கேட்டா ஆகாதுங்களா?"

"போன்ல கேக்கற விஷயம் இல்லை, பழனிச்சாமி."

"காசு கீசு ஏதாச்சும் குடுக்கல் வாங்கலுங்களா?"

"இல்லை. ஒரு பந்து."

பழனிச்சாமி இன்னும் ஓர் இளநீர் வெட்டிக் கையில் கொடுத்து, "வெயில் ஏறறதுக்குள்ள பஸ்ஸப் புடிச்சுருங்க" என்றார். உடும்பஞ்சோலை ஜங்ஷனில் இறங்கி 'ஸ்டோர் செல்லையா' என்று கேட்டால் போதும் என்றும் சொன்னார். ஏலக்காயை உலர்த்தும் கொட்டகையை அங்கே ஸ்டோர் என்பார்கள்.

பொள்ளாச்சிக்கு 8.50க்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு டிக்கெட்டும் சேர்த்து 66 ரூபாய். 9.20க்குப் பழனி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு வழியாகத் தேனி போகும் பஸ். 180 ரூபாய், ஐந்தேகால் மணி நேரம். வலது பக்க ஜன்னல் கிடைத்தால் மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். எனக்கு இடது பக்கம்தான் கிடைத்தது. மாற்றிக் கேட்கத் தயக்கமாக இருந்தது. தேனியிலிருந்து போடி 15 கிலோமீட்டர், 18 ரூபாய். போடியில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியில் தங்கினேன். 750 ரூபாய், வெந்நீர் காலை ஆறு முதல் ஏழு வரை. வயதானவர்கள் ஒரே நாளில் மலை ஏற முயல வேண்டாம்.

மறுநாள் 7.15 பஸ். போடியிலிருந்து போடிமெட்டு வரை கொண்டை ஊசி வளைவுகள். பதினேழு என்று பலகை சொல்கிறது. நான் எண்ணியதில் பதினெட்டு வந்தது. தவறு என்னுடையதாகத்தான் இருக்கும். எங்களை முந்திக்கொண்டு தோட்டத்துக்குப் போகும் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் ஓடின. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணவே முடியவில்லை. எல்லோரும் ஏதோ ஒரு கதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மெட்டைத் தாண்டியதும் காற்றே வேறு, மஃப்ளர் அவசியம். பூப்பாறையில் 8.55க்கு இறங்கி, அடுத்த பஸ்ஸில் சாந்தன்பாறை வழியாக உடும்பஞ்சோலைக்கு 9.50க்கு வந்தேன்.

ஜங்ஷனிலிருந்து செல்லையா வீடு நான்கு கிலோமீட்டர். ஜீப்புக்கு 150 ரூபாய். ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும்.

"செல்லையா அண்ணன் ஊட்டுக்கா? சார் யாரு, வில்லேஜ் ஆபீசா? நிலத்துப் பட்டயம் விசாரிக்க வந்தீகளா?"

"இல்லை. பழைய சிநேகிதன்."

"சிநேகிதன்னா இம்புட்டு நாளு எங்கன போயிருந்தீக? நான் பதினஞ்சு வருசமா அந்தப் பக்கந்தேன் வண்டி ஓட்டுறேன். ஒரு தடவ கூடப் பாத்ததில்லையே."

சரளைக்கல் சாலை. பேச முடியாதபடி குலுங்கியது எனக்கு வசதியாக இருந்தது.

செல்லையா வாசலில் நின்றிருந்தார். பழனிச்சாமி போன் செய்துவிட்டார் போலிருக்கிறது. தலை முழுக்க நரைத்திருந்தது. உடம்பு அப்படியே ஃபிட்டர் உடம்பு. என் பையை வாங்கிக்கொண்டு, "மெலிஞ்சு போய்ட்டீக சார்" என்றார். அவர் மனைவி மாரியம்மாள் பாலில்லாத கட்டன்காப்பி கொண்டுவந்தார். உலர்ந்த ஏலக்காய் முறத்தில் இருந்தது. செல்லையா தரம் பிரிக்க உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கேட்க வந்ததைக் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் ஏலக்காய் விலை, மழை, முழங்கால் வலி, அவர் பேத்தியின் நர்ஸிங் படிப்பு என்று பேசினேன். பச்சை நிறம் குறையாமல் காயை உலர்த்த எத்தனை மணி நேரம் சூடு வேண்டும் என்பதைக்கூடக் குறித்துக்கொண்டேன். மாரியம்மாள்தான் உள்ளேயிருந்து சொன்னார்: "சாருக்கு என்னமோ கேக்கணும். மூணாவது தடவையா அந்தப் பைய மூடி மூடித் தொறக்கறாக."

பையில் இருந்தது என் அட்டவணை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"செல்லையா, ஜப்பான்ல அந்தக் கோல்ஃப் ஆட்டம். கடைசி நாள், பதினாறாவது குழி. வலது பக்கம் மரத்துக்குள்ள பந்து போச்சு. நீங்கோ உள்ளே போய் அதை எடுத்தேளா?"

காய் பிரிக்கும் கை நிற்கவில்லை.

"எடுத்தேன் சார்."

"எடுத்து?"

"புல்லு ஓரத்துல வச்சேன்." அப்புறம்தான் நிமிர்ந்தார். "நான் வேலைக்கு வர்றதுக்கு முன்ன எஸ்டேட் கிளப்புல மூணு வருசம் புல்லு வெட்டுனேன்ல? அங்கன தொரமாரு கோல்ஃப் ஆடுவாக. தேயிலைக்குள்ள பந்து போயிருச்சுன்னா அவுக உள்ள எறங்க மாட்டாக, அட்டை கடிக்கும். நாங்கதேன் எடுத்தாந்து ஓரத்துல வைப்போம். அதுக்குத் தண்டம் கெடையாது. அந்த கிளப்போட சட்டம் அது. நான் உலகம் பூராவும் அப்படித்தேன்னு நெனச்சுக்கிட்டேன். அந்த மனுசனுக்கு மரியாதை செஞ்சேன் சார்."

நான் எத்தனையோ காரணங்கள் யோசித்திருக்கிறேன். இது ஒன்று மட்டும் தோன்றியதில்லை.

"தப்புன்னு எப்போ தெரிஞ்சது?"

"அப்பவே. அடுத்தாப்புல வந்த கூட்டத்துல ஒருத்தர் பந்தும் அங்கனயே போச்சு. எடுக்கக் குனிஞ்சேன். நடுவரு ஓடியாந்து கையப் புடிச்சுட்டாரு. அப்பத்தேன் தப்புன்னு புரிஞ்சுச்சு. ஆட்டம் முடிஞ்சதும் உங்களத் தேடுனேன். நம்ம ஆறு பேருல அவுக பாசை உங்களுக்குத்தானே தெரியும். சாப்பாட்டுக் கூடாரத்துல பாத்தேன், கக்கூஸ் பக்கம் பாத்தேன், எங்கனயும் இல்ல."

"நான் பஸ்ஸில ஏறிட்டேன்."

"ஆமா. பெறகுதேன் தெரிஞ்சுச்சு."

பிறகு என்ன நடந்தது என்று எழுந்து நின்று நடித்தே காட்டினார். அடிக்கணக்கை ஒப்படைக்கும் கூடாரத்தின் வாசலில் நீலத் தொப்பிக்காரரை மறித்திருக்கிறார். ஒரு பந்தை நாற்காலிக்கு அடியில் வைத்து, அது மரம் என்று கையால் காட்டி, பந்தை எடுத்து வெளியில் வைத்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியிருக்கிறார். இரண்டாம் முறை செய்தபோது அந்த ஆட்டக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டதாம். அவரே போய் அதிகாரிகளை அழைத்து வந்தார். அவர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். இரண்டாவதாக வந்தவரையும் கூப்பிட்டார்கள். கடைசியில் எல்லோரும் தலை குனிந்து வணங்கிக்கொண்டார்கள். வென்றவர் வென்றவராகவே இருந்தார்.

அது சரியான தீர்ப்பு. வெளியாள் நகர்த்திய பந்தை அது தெரியாமல் ஆடினால் ஆட்டக்காரருக்குத் தண்டம் இல்லை. இந்த விதியை நான் பல முறை படித்திருக்கிறேன். அதற்கு மேல் இன்னொன்று. என் அட்டவணையில் கடைசி ஆண்டுக்கு எதிரே, 'பரிசளிப்பு 35 நிமிடம் தாமதம். காரணம் தெரியவில்லை' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அந்த முப்பத்தைந்து நிமிடமும் நான் பஸ்ஸில் உட்கார்ந்து, ஏன் கிளப்பவில்லை என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ரெண்டாவது வந்த ஆளு இருக்காரே," என்றார் செல்லையா, "தோளுல தட்டிக் குடுத்து, பையிலருந்து ஒரு பழம் எடுத்துக் குடுத்தாரு. தக்காளி மாதிரி இருக்குமே, அந்த ஊர்ல எல்லா வீட்டு மரத்துலயும் தொங்கும். அதத்தேன் பஸ்ஸுல உங்களுக்குப் பாதி நீட்டுனேன். வேண்டாம்னுட்டீக."

எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"வாயை அடைக்கத் தரேள்னு நினைச்சுண்டேன்" என்றேன்.

மாரியம்மாள் கதவருகில் வந்து நின்றார்.

"ஒரு பழத்துக்கா சார் இம்புட்டு வருசம்?"

"நீ சும்மா இரு" என்றார் செல்லையா. பிறகு என்னிடம், மெதுவாக: "நீங்க பாத்தீகன்னு எனக்குத் தெரியும். நீங்களே கேப்பீகன்னு இருந்தேன். கேக்கல. மக கல்யாணத்துக்குப் பத்திரிகை வச்சேன், மணியார்டர் வந்துச்சு, நீங்க வரல. பந்து சமாச்சாரம்னு எனக்குத் தோணல சார். எஸ்டேட் கூலி லயத்துல பொறந்தவன் வீட்டுல எப்படிக் கை நனைக்கிறதுன்னு இருந்திட்டீகன்னு நெனச்சேன். நானும் விட்டுட்டேன்."

இல்லை என்று சொன்னேன். அது போதாது என்று எனக்கே தோன்றியது. "நான் பயந்தாங்கொள்ளி, செல்லையா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்லை" என்றேன். அவர் முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "சரி, சாப்பிட வாங்க" என்றார். அவரைக்காய் புளிக்குழம்பு, மோர், அப்பளம். மாரியம்மாள் மூன்றாம் முறை சோறு வைத்தபோதும் நான் மறுக்கவில்லை. செல்லையாவே என் இலைக்கு உப்பு வைத்தார்.

பிறகு நான் வழக்கமான என் கோளாறைச் செய்தேன். எவ்வளவு தூரம் நகர்த்தினார் என்று கேட்டேன். என் குறிப்பில் 'சுமார் 30 அடி' என்று இருந்தது. செல்லையா சிரித்தேவிட்டார். பின்பக்கச் சரிவுக்குக் கூட்டிப்போனார். ஒரு பலாமரத்தைக் காட்டி, "இதுதேன் அந்த மரம்" என்றார். ஒரு எலுமிச்சம்பழத்தை வேரருகில் போட்டு, குனிந்து எடுத்து, நடந்து, ஓரத்தில் வைத்தார். என் பையில் எப்போதும் ஓர் இஞ்சு டேப் இருக்கும். வீட்டில் கேலி செய்வார்கள். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் இழுத்தேன். ஏழு அடி நாலு இஞ்சு.

"முப்பது அடியா? மொதல்ல கண்ணாடிய மாத்துங்க சார்."

வேறு ஒரு நாட்டில், இன்று மின்தகடுகளுக்கு அடியில் கிடக்கும் ஒரு தூரத்தை, இரண்டு கிழவர்கள் பலாமரத்தடியில் குனிந்து அளந்துகொண்டிருந்தோம். மாரியம்மாள் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

கிளம்பும்போது, கடைசி ஆண்டைப் பற்றி எழுதட்டுமா, அவர் பேரை விட்டுவிட்டு எழுதலாமா என்று கேட்டேன்.

"பேர எதுக்கு விடணும்? எழுதுங்க. பந்த எடுத்தவன்னு மட்டும் எழுதிராதீக. போய்ச் சொன்னவன்னும் எழுதுங்க. பேத்தி படிப்பா."

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். உடும்பஞ்சோலையிலிருந்து பூப்பாறை திரும்பும் பஸ்ஸுக்கு மதியம் 2.40, 4.15 என்று எனக்குச் சொன்னார்கள்; நான் ஏறியது 4.15, அது 4.35க்கு வந்தது. போடிமெட்டில் மாலை ஐந்து மணிக்கு மேல் மூடுபனி இறங்குவதால், கூடியவரை அதற்கு முன் கடந்துவிடுங்கள். ஏலக்காய் வாங்குவதாக இருந்தால் சாலையோரக் கடைகளை விட, தெரிந்தவர் ஸ்டோர் இருந்தால் அங்கே வாங்குங்கள். நூறு கிராம் வாங்கப் போன எனக்கு அரைக் கிலோ கட்டிக் கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார்கள், ஆகவே விலை சொல்ல முடியவில்லை. பாலக்காட்டிலிருந்து போய்வர, தங்கும் செலவும் சாப்பாடும் சேர்த்து எனக்கு ஆனது 1,940 ரூபாய். முழங்கால் சரியில்லாதவர்கள் ஜீப்பில் முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். யாரையாவது பார்த்து ஏதாவது கேட்கத்தான் போகிறீர்கள் என்றால், முதல் கட்டன்காப்பி குடிக்கும்போதே கேட்டுவிடுங்கள். என்னைப்போல இரண்டு மணி நேரம் ஏலக்காய் விலை விசாரித்து அவர்களைக் காக்க வைக்காதீர்கள்.

நேற்று அட்டவணையை முடித்துவிட்டேன். வென்றவர் பெயரும் அடிகளின் எண்ணிக்கையும் அப்படியே இருக்கின்றன. கடைசி ஆண்டின் குறிப்பு மட்டும் கொஞ்சம் நீளம்: 'பதினாறாவது குழியில், வழக்கம் தெரியாமல், செல்லையா என்பவர் பந்தை ஏழு அடி நாலு இஞ்சு நகர்த்தி வைத்தார். தவறு என்று தெரிந்ததும் மொழி தெரியாத நிலையிலும் தானே போய் ஒப்புக்கொண்டார். அதிகாரிகள் விசாரித்து முடிவை உறுதி செய்தார்கள். பரிசளிப்பு 35 நிமிடம் தாமதமானது. அவருக்காக மொழிபெயர்த்திருக்க வேண்டியவர் அப்போது பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். இதை எழுதுகிறவர் அவர்தான்.'